வாடகை ஜெனரேட்டர் பேசிய நாள்

நேற்று மாலை ஆட்கள் வந்து நம் சுகாதார நிலையத்தின் முன்பக்கச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்று காலை மருந்தறையைத் திறந்தபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையில் முதல் ஆளாக நின்ற பெரியவர், "என்னம்மா, காலங்காத்தால தானா சிரிக்கிறீங்க" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி அவருடைய சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தனுப்பினேன். அவரிடம் எதைச் சொல்வது? புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் நீ என் ஜன்னலுக்கு ஓடி வருவாய். மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "அக்கா, யாரோ வராங்க" என்பாய். எப்போதும் சரியாக இருக்கும். இன்றைக்கும் விசாரித்தேன். யாரோதான் வருகிறார்கள்.

நீ இல்லாமல் போன பிறகு உன்னிடம் பேசுவதற்கு எனக்கு இதுதான் வழி. சாப்பாட்டு இடைவேளையில், வரிசை கலைந்த பிறகு, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ இங்கே நர்ஸாக வந்து சேர்ந்தபோது நிரந்தர வேலை இல்லை, தொகுப்பூதியம்தான். லெப்பைக்குடிகாட்டில் பிறந்து வளர்ந்தவள், கொள்ளிடக் கரையோரத்துக் கரும்புக்காட்டு ஊரில் வந்து விழுந்திருக்கிறாளே, எத்தனை நாள் தாங்குவாள் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரர் துபாயில். நீ திருமானூரில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தினமும் டவுன் பஸ்ஸில் வந்தாய். வந்த சில நாளிலேயே அந்த பஸ் கண்டக்டரை அப்படியே செய்து காட்டினாய். சில்லறை கேட்கும்போது அவர் உதட்டைக் கோணுவது, படியில் நிற்பவர்களை அதட்டுவது எல்லாம் அச்சாக வந்தது. அடுத்து வட்டார அதிகாரி. அதற்கடுத்து நான். மாத்திரை கொடுக்கும்போது, "சாப்பாட்டுக்கு அப்புறம், சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று நான் இரண்டு தடவை சொல்வேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நம் துப்புரவுப் பணியாளர் மாரியம்மாள், "என்னயும் ஒரு தடவ பண்ணிக் காமி சிஸ்டரு" என்று எத்தனையோ முறை கேட்டாள். நீ செய்யவே இல்லை. பிறகு என்னிடம் காரணம் சொன்னாய். "நமக்கு மேல இருக்கவங்களத்தான்க்கா பண்ணணும். அவங்களப் பண்ணா கேக்கிறவங்களுக்குத் தெம்பா இருக்கும்." சிரிக்க வைப்பதற்கும் ஒரு திசை உண்டு என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

செல்வியின் பிரசவத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஐப்பசி மழை. பொழுது சாயும் நேரம். செல்விக்கு வலி எடுத்து அவள் மாமியார் ஆட்டோவில் கூட்டி வந்தபோதே மின்சாரம் போய்விட்டிருந்தது. பிரசவ அறைக்கென்று இருந்த பேட்டரி எப்போதோ செத்துப்போனது. மாற்றித் தரும்படி டாக்டர் பலமுறை கேட்டும் வரவில்லை. அரியலூருக்கு அனுப்பலாம் என்றால் ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் குழந்தை வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். நீ என்னைக் கூப்பிட்டு என் போனை வாங்கி டார்ச்சைப் போட்டு, என் கையிலேயே திரும்பக் கொடுத்தாய். "அக்கா, இங்க புடிங்க. ஆடாம புடிங்க." நான் மருந்து எடுத்துக் கொடுப்பவள். பிரசவம் பார்த்ததில்லை. என் கை ஆடியது. வெளிச்சமும் ஆடியது. நீ நிமிர்ந்து பார்க்காமல், வட்டார அதிகாரியின் குரலில், "ஏம்மா பார்மசிஸ்ட், லைட்டு ஏன் டான்ஸ் ஆடுது?" என்று கேட்டாய். வலியில் கத்திக்கொண்டிருந்த செல்விக்கே சிரிப்பு வந்தது. என் கை நின்றது.

பெண் குழந்தை. அதன் பிறகு செல்விக்கு ரத்தம் நிற்காமல் போன அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றும் என்னால் நிதானமாக நினைக்க முடியவில்லை. நீயும் டாக்டரும் எப்படியோ நிறுத்தினீர்கள். எல்லாம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாய். வாடிக்கையாக எதையாவது செய்து காட்டுகிறவள், அன்றைக்கு யாரையும் செய்து காட்டவில்லை. என்னிடம் சொன்னாய்: "இன்னிக்குத் தப்பிச்சோம். தினம் தப்பிக்கிறதயே வேலையா வச்சிக்க முடியுமாக்கா?"

அடுத்த மாதம் புதிதாகக் கட்டிய வார்டைத் திறந்துவைக்க அமைச்சர் வருவதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் நம் கட்டடத்துக்கு எத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. சுவருக்குப் பெயிண்ட் வந்தது. குரோட்டன்ஸ் தொட்டிகள் மினி லாரியில் வந்து இறங்கின. வேறொரு ஊரிலிருந்து புதுக் கட்டில்விரிப்புகள் இரவலாக வந்தன. பூட்டியே கிடந்த கழிப்பறைக்குச் சாவி கிடைத்தது. விழாவுக்கு முதல் நாள், அரியலூரிலிருந்து ஒரு பெரிய பச்சை நிற ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு ஒரு வண்டி வந்து நின்றது. அமைச்சர் பேசும்போது மைக் நின்றுவிடக் கூடாதாம். வாடகைக்கு விட்டவர் அதற்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்திருந்தார். நீ இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

விழாவில் ஊழியர்கள் ஒரு விழிப்புணர்வு நாடகம் போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தாய்சேய் நலம் என்பது தலைப்பு. அந்தப் பொறுப்பு உன் தலையில்தான் விழுந்திருந்தது. சத்தான உணவு, தடுப்பூசி என்று ஏதோ எழுதியும் வைத்திருந்தாய். ஜெனரேட்டரைப் பார்த்த அன்று மாலை, "அக்கா, கதைய மாத்திட்டேன்" என்றாய்.

கதையை முழுக்கக் கேட்டேன். நிரந்தரமாகாத வேலை, ஒரு வார்த்தையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். லெப்பைக்குடிகாட்டில் உன் அத்தா, பெற்ற மகள் மேடை ஏறுவதையே விரும்பாதவர். அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். நீ மறுக்கவில்லை. "எனக்கும் பயமாத்தான்க்கா இருக்கு. ஆனா செல்விக்கு அன்னிக்கு இருந்த பயத்தவிட இது கம்மிதான்" என்றாய். அந்தக் கையோடு எனக்கும் ஒரு வேஷம் கொடுத்துவிட்டாய்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று நீயே என்னையும் கூட்டிக்கொண்டு போய் முழுக் கதையையும் சொன்னாய். முதல் போஸ்டிங்கில் இருந்த சின்ன வயதுக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். "நான் இன்னும் கதையக் கேக்கல சிஸ்டர்" என்றார். நாம் கதவுவரை வந்த பிறகு, "கடைசியில வர்ற டார்ச் லைட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்று சொன்னார்.

மறுநாள் பந்தல் நிறையக் கூட்டம். முன்வரிசையில் அமைச்சர், அவருக்கு இரண்டு பக்கமும் அதிகாரிகள், கட்சிக்காரர்கள். அமைச்சர் பேசினால் இடையிடையே தொண்டையைச் செருமிக்கொண்டு, "பார்ப்போம், செய்வோம்" என்பார். ஜில்லா முழுக்கத் தெரிந்த பழக்கம் அது. பிள்ளைகள்கூட விளையாட்டில் சொல்வார்கள்.

பச்சைத் தார்ப்பாயை உடம்பில் சுற்றிக்கொண்டு, தலையில் புகைக்குழாய்க்காக ஒரு கறுப்பு பைப்பைக் கட்டிக்கொண்டு, டுடுடுடு என்று குலுங்கிக்கொண்டே நீ மேடைக்கு வந்தாய். நான் வெள்ளைக் கோட்டு போட்ட அதிகாரி. எனக்கு வசனம், "வாங்க, வாங்க" மட்டும்தான். அதையும் நான் இரண்டு தடவைக்கு மேல் சொல்லிவிட்டேன் என்று பிறகு கிண்டல் செய்தாய். மாலை போட்டேன். கூட்டம் லேசாகச் சிரித்தது. மாரியம்மாள் வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வந்து ஜெனரேட்டரைக் கும்பிட்டாள்.

"ஐயா, எனக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நாளைக்கும் இங்க இருப்பீங்களா?"

நீ குலுங்குவதை நிறுத்தினாய். தொண்டையைச் செருமினாய். "பார்ப்போம்... செய்வோம்."

அந்தக் குரல் அமைச்சரின் குரல். அச்சு அசல். பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரிக்க, அது அப்படியே முன்னால் பரவி வந்து, அதிகாரிகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

மாரியம்மாள் விடவில்லை. "எப்பங்கய்யா கெளம்புவீங்க?"

"அமைச்சர் கார்ல ஏறினதும் என்னய வண்டியில ஏத்திடுவாங்கம்மா. மைக்குக்காகத்தான் வந்தேன். நீ வேணும்னா அதுக்குள்ள பெத்துக்க."

பெண்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் கைதட்டினார்கள். நான் மேடையிலிருந்து அமைச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் அசைவே இல்லை. பக்கத்தில் இருந்த அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நீ தார்ப்பாயைக் கழற்றிப் போட்டுவிட்டு நர்ஸ் உடுப்பில் நின்றாய். போனில் டார்ச்சைப் போட்டு மாரியம்மாளின் தலையணை வயிற்றுக்கு நேராகப் பிடித்தாய். உன் சொந்தக் குரலில் பேசினாய். "போன மாசம் இந்த வெளிச்சத்துலதாங்க ஒரு கொழந்த இங்க பொறந்துச்சு." அவ்வளவுதான். வணக்கம் சொன்னாய். நாடகத்தில் அதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் பெண்கள் பக்கத்தில் செல்வியின் மாமியார் எழுந்து நின்றார். பேத்தியைத் துணியோடு சேர்த்துத் தூக்கிக் காட்டி, "இந்தப் புள்ளதாங்க அது" என்றார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அமைச்சர் சுருக்கமாகப் பேசினார். அன்றைக்கு அவர் பேச்சில் "பார்ப்போம், செய்வோம்" வரவே இல்லை. சாப்பாட்டுக்கு நிற்காமல் காரில் ஏறிவிட்டார். நீ சொன்னபடியே, கார் தார்ச்சாலை ஏறுவதற்குள் ஜெனரேட்டரை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று மாலைக்குள் யாரோ எடுத்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. துபாய்க்கும் போனது. உன் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தபோது நீ என் பக்கத்தில்தான் இருந்தாய். எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். எடுத்தாய். அவர் சொன்னதைக் கேட்டு உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். வீடியோவில் சத்தம் சரியாகக் கேட்கவில்லையாம், ரூமில் இருக்கும் எல்லாருக்கும் போட்டுக் காட்ட வேண்டுமாம், இன்னொரு தடவை பேசி அனுப்பச் சொன்னாராம். உன் அத்தா மட்டும் ஒரு மாதம் பேசவில்லை.

விளக்கம் கேட்டார்கள். நீ கொடுத்தாய். வேலையை எடுக்கவில்லை. ஆனால் பாடாலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நீ கிளம்பிய அன்று செல்வி குழந்தையோடு வந்தாள். ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். யாரோ ஒரு கட்டு கரும்பைக் கொண்டுவந்து உன் பையோடு பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடவில்லை. நீ அவரை அவர் குரலிலேயே கேட்டுவிட்டாய், "இதுக்கு யாரு டிக்கெட் எடுக்கிறது?" அவரும் சிரித்துவிட்டார். நான்தான் அழுதேன்.

நீ போன பிறகு, பங்குனியில், ஒரு காலை நேரத்தில் லாரி ஒன்று வந்து புது ஜெனரேட்டரை இறக்கிவிட்டுப் போனது. விழா இல்லை, மாலை இல்லை. யார் சொல்லி வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. கான்கிரீட் மேடை கட்டிப் பொருத்தினார்கள். உனக்குப் போன் செய்து அது ஓடும் சத்தத்தைக் கேட்க வைத்தேன். நீ வெகுநேரம் கேட்டுவிட்டு, "நான் பண்ணதவிட சுமாராத்தான் இருக்கு" என்றாய்.

அதற்கு அடுத்த வருஷம் பெரம்பலூரில் நடந்த விழாவுக்கு நாம் இருவரும் போயிருந்தோம். அதே அமைச்சர். மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர் உன்னைப் பார்த்து நின்றார். "நீ அந்த ஜெனரேட்டர் பொண்ணுல்ல?" என்றார். சுற்றியிருந்தவர்கள் விலகி நின்றார்கள். "இன்னிக்கு என்ன வச்சிருக்க?" என்று கேட்டார்.

நீ பணிவாகத்தான் சொன்னாய். "புதுசா ஒண்ணும் இல்லீங்கய்யா. அங்க ஜெனரேட்டர் வந்துடுச்சு. அதுக்கு டீசல்தான் மூணாவது மாசமா வரல."

அவர் பக்கத்தில் நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு அமைச்சர் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நான் ஏன் சிரிக்கல தெரியுமா? சிரிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்மா. எல்லாரும் சிரிச்சிட்டு வூட்டுக்குப் போயிருப்போம்" என்றார். தொண்டையைச் செருமினார். சட்டென்று உன்னைப் பார்த்து, தானே சிரித்துவிட்டுக் காருக்குப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான், பெரிய மனிதர் பெரிய மனிதர்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, மக்காச்சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "சிரிச்சிட்டும் குடுத்திருக்கலாமேக்கா" என்றாய். அவரிடம் கேட்டுத் திரும்ப நம் ஊருக்கே வந்திருக்கலாமே என்றேன். "பாடாலூர்லயும் கரண்ட் போவுதுக்கா" என்றாய். நாம் இருவரும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது நீ முதலில் எனக்குத்தான் சொன்னாய். திருச்சியில் வைத்தியம். நீ படுத்திருந்த வார்டில் காலையில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே பேசுவார். அவர் போனதும் நீ எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் பெண்களிடம் அவரைப் போலவே விசாரிப்பாய். அவர்கள் சிரிக்கும் சத்தம் வெளி வராந்தா வரைக்கும் கேட்கும். ஒருநாள் அந்த டாக்டரே கதவருகே நின்று பார்த்துவிட்டாராம். மறுநாளிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார் என்று நீ சொன்னபோது, உன் குரல் பாதியாகத் தேய்ந்திருந்தது. மகிழ்ச்சி தேயவில்லை.

நீ போய்விட்டாய் என்ற செய்தி வந்ததும், லெப்பைக்குடிகாட்டில் உன் வீட்டுக்கு நானும் மாரியம்மாளும் செல்வியும் வந்திருந்தோம். பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தோம். துபாயிலிருந்து வந்து சேர்ந்திருந்த உன் வீட்டுக்காரர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். உன் அத்தாதான் வந்தவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். "அமைச்சர் முன்னாடி அமைச்சர் மாதிரியே பேசுனவங்க எம்மவ" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அதை நீ கேட்டிருக்க வேண்டும்.

இனி, போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அரியலூரில் மருந்து இருப்பு பற்றிய மாதாந்திரக் கூட்டம். உனக்குத் தெரியும், மேலதிகாரி ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லி, "எல்லாம் இருக்குதானே?" என்று கேட்பார். எல்லாரும் எழுந்து, "இருக்குங்க சார்" என்று சொல்லி உட்காருவோம். இத்தனை வருஷமும் நானும் அப்படித்தான். ஆனால் இந்த முறை நம்மிடம் பாம்புக்கடி ஊசி தீர்ந்துபோயிருந்தது. கரும்பு வெட்டு நடக்கும் நேரம். கேட்டு எழுதியும் பதில் இல்லை. முந்தின வாரம்தான் ஒரு வெட்டுக்காரரை வண்டியில் ஏற்றி அரியலூருக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்தாரா என்று தெரியும்வரை நான் இருப்புக்கொள்ளாமல் கிடந்தேன். பிழைத்துக்கொண்டார். தப்பித்தோம்.

நம் ஊர்ப் பெயர் வந்தது. எழுந்தேன்.

"இல்லைங்க சார். பாம்புக்கடி ஊசி இல்ல."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டார். முன்பென்றால், சமாளித்துக்கொள்கிறோம் சார் என்று சொல்லியிருப்பேன்.

"பாம்புங்ககிட்ட சொல்லி வச்சிருக்கோம் சார், ஸ்டாக் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டும் கொடுக்கலாமே என்று பஸ்ஸில் நீ கேட்டது எனக்குள் இருந்ததால் நான் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். அடங்கிய பிறகு, எத்தனை ஊசி தேவை, ஏன் தேவை என்று தெளிவாகச் சொன்னேன். அடுத்து எழுந்த ஊர்க்காரரும் "இல்லைங்க சார்" என்றுதான் ஆரம்பித்தார். அதற்கடுத்தவரும். அந்த வார வண்டியிலேயே ஊசி வந்தது. கேட்டதில் பாதிதான். மீதியை இந்த மாதக் கூட்டத்தில் கேட்பேன்.

நீ மேடையில் நின்றபோது பக்கத்தில் மாலையோடு நடுங்கிக்கொண்டிருந்தவள் நான். உன்னைப்போல எனக்கு யாருடைய குரலும் வராது. அன்றைக்கு அந்த அறையில் என் குரலில்தான் பேசினேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று சொன்னார்கள்.